கட்டுல இல்லாத சீட்டு

திருச்சுழி
வெள்ளிக்கிழமை

என் வீட்டுக்காரருக்கு,

நல்லாருக்கீகளான்னு கேக்க மனசு வரல. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல மறுபடியும் கிளிக்கூண்ட வச்சு ஜோசியம் பாக்குறீகன்னு தம்பி சொன்னான். சீட்டுக்கட்டுல மாரியம்மன் படத்தக் காணோம்னு தேடுனீகளாம். நாந்தான் எடுத்துட்டு வந்தேன்.

அந்தப் படம் வந்தா வீட்டுக்கு அம்மன் வந்திருக்கா, ஊசி போடக்கூடாது, வேப்பிலை கட்டணும்னு உங்க ஐயா காலத்துல வச்ச பலன். அப்ப ஊரெல்லாம் பெரியம்மை. இப்ப அந்த நோவே இல்லைன்னு சர்க்காரு சொல்லி வருசமாச்சு. படம் மட்டும் கட்டுலயே இருந்துச்சு.

கிளி எந்தச் சீட்ட எடுத்தாலும், வந்தவுக மூஞ்சியப் பாத்துத்தான் பலன் சொல்லுவீக. அனுமார் லங்கைய எரிக்கிற படத்துக்கே ஒருத்திக்குக் கல்யாணம் கூடும்னீக. நானும் சிரிச்சிருக்கேன்.

நம்ம பிள்ளை காய்ச்சல்ல கழுத்தத் திருப்ப முடியாமக் கெடந்தப்ப மட்டும் அவ மூஞ்சியப் பாக்கல. கிளி எடுத்துக் குடுத்த அந்தச் சீட்டத்தான் பாத்தீக. வாசல்ல வேப்பிலை கட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன என்னையும் மறிச்சீக.

அவமேல போட்ட மண்ணு இந்த மழையில அமுங்கிருக்கும். முள்ளு வெட்டிப் போடுங்க. நாய் தோண்டும்.

நாளைக்கு ஒருத்தி காய்ச்சக்காரப் பிள்ளையோட வந்து உக்காந்தா, கிளியக் கூண்டுல அடைச்சிட்டு, பிள்ளை மூஞ்சியப் பாருங்க. ஆஸ்பத்திரிக்குப் போம்மான்னு சொல்லுங்க. அப்படிச் சொன்னீகன்னு என் காதுக்கு வாரவரைக்கும் என்னையக் கூட்டிட்டுப் போக வராதீக.

இப்படிக்கு,
அவளப் பெத்தவ