மாத்திரை தந்த முகம்

என் கண்ணு மகளுக்கு,

"எம்மேல என்ன கோவம் மம்மி? ஏன் வீடியோல வரவே மாட்டேங்கறீங்க?" என்று போனில் அழுதாய். கோபம் இல்லை. நுரையீரல் அழற்சிக்காக டாக்டர் கொடுக்கும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையால் என் முகம் பந்து போல ஊதிவிட்டது. அதை உனக்குக் காட்ட மனம் வரவில்லை.

நேற்று விவேக் நகர் கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் முத்தம்மா, எப்போதும் என்னை டீச்சரம்மா என்று கூப்பிடுகிறவள், என்னை நிறுத்தினாள். "நீங்க டீச்சரம்மாவோட தங்கச்சியா? அவங்கள காணவே காணோமே, நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, பூசை பார்க்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு நீ வருவதற்குள் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். "திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து ஆன்ட்டி. நான்தான் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும்" என்று டாக்டர் கோபித்துக்கொண்டார். அதனால் இந்த முகத்தோடுதான் விமான நிலையத்துக்கு வருவேன். வேண்டாம் என்று சொல்லாதே. என் மகளை அழைத்துவர வாடகைக் கார் டிரைவரை மட்டும் அனுப்ப மாட்டேன்.

கூட்டத்தில் என் முகத்தைத் தேடாதே. பெட்டியோடு வெளியே வந்து நில், நான் கூப்பிடுகிறேன். குரல் மாறவில்லை.

உன் மம்மி