மலையைச் சுற்றிப் பதினொரு மணி நேரம்

மார்ச் 4

இன்றும் ஒருவர் கவுண்டரில் வந்து, "அடுத்த ஊரு எவ்வளவு தூரம்மா?" என்று கேட்டார். "எதுல போறீங்க?" என்றேன். முறைத்தார். மலைக்கு மேலே பறந்தால் நாற்பது நிமிடம். மலையைச் சுற்றி ரோட்டில் போனால் பதினொரு மணி நேரம். நான் என்ன செய்ய?

எங்கள் விமானம் ஒரு வேன் அளவுதான். ஆளையும் பெட்டியையும் தராசில் நிறுத்தித்தான் ஏற்றுவேன். யார் ஏறலாம், யார் இறங்க வேண்டும் என்பதெல்லாம் நான் சொல்வதுதான். பெரிய மகாராணி!

தங்கை அந்த ஊரில்தான் இருக்கிறாள். சில நாளாகப் போன் இல்லை.

மார்ச் 7

தங்கையின் பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள். புருஷன் அடித்திருக்கிறான். மறுபடியும். பைலட் அண்ணனிடம் கெஞ்சினேன்: "அடுத்த தடவை வரும்போது அவளைக் கூட்டிட்டு வந்துருங்கண்ணே."

மார்ச் 9

பைலட் அண்ணன் தங்கையைத் தபால் மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். ஒரு கண் திறக்கவில்லை. தாடை வீங்கி, முகமே வேறு யாருடையதோ. கழுத்தில் அவன் விரல் தடம். பாவி. நாசமாப் போறவன்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்க்கா" என்றாள். என்னிடமே! "வாயை மூடுடி" என்று கத்திவிட்டு நானும் அழுதேன்.

சாயங்காலம் அவனே ஆபீசுக்குப் போன் செய்தான். "லாரிய எடுத்துட்டேன். விடியறதுக்குள்ள வந்துருவேன். ரெண்டு பேரையும் வெட்டிப் போட்டுட்டுத்தான் மறுவேலை." ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஏட்டு பல் குத்திக்கொண்டே, "புருஷன் பொண்டாட்டி சண்டை. வரட்டும், பேசிக்கலாம்" என்றார். வந்த பிறகு என்னத்தைப் பேசுவது?

மார்ச் 10

இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் இரண்டு விரல் போச்சு.

விடியும் நேரம், ஜாக்கிக் கம்பியால் கதவைப் பிளந்துகொண்டு வந்தான். தடுத்த என் கையில் ஓங்கி ஒன்று. தங்கையின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான் — மறுபடி, மறுபடி. நான் அவன் காதைக் கடித்தேன். வாயெல்லாம் ரத்தம். கம்பி கீழே விழுந்தது. எடுத்தது நானில்லை, அவள். மண்டையில் ஒரே போடு. விழுந்தவனை இன்னும் அடிக்கப் போனாள். நான்தான் இழுத்துப் பிடித்தேன். ஏன் பிடித்தேன்?

டாக்டர் சொன்னார்: "தலைக்குள்ள ரத்தம் கட்டுது. அந்த ஊரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். ரோட்டுல போனா தாங்க மாட்டான். காலை ப்ளேன்ல ஏத்திருங்க." பக்கத்தில் ஏட்டு நின்றார். இப்போது பல் குத்தவில்லை.

நாலு காய்கறிப் பெட்டியை இறக்கினால் போதும், அவனைப் படுக்க வைத்துவிடலாம். அது பைலட் அண்ணனுக்கும் தெரியும். "என்னம்மா, ஏத்தலாமா?" என்று என்னைத்தான் பார்த்தார்.

"எடை தாங்காதுண்ணே."

என் விரல்களைப் பார்த்தார். எஞ்சினைக் கிளப்பினார். காய்கறி பறந்தது. ஆம்புலன்ஸ் ரோட்டில் கிளம்பியது.

  

மார்ச் 10, மாலை

ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத் தங்கைக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் சைரன் போடாமல், அவசரமே இல்லாமல் தெருவில் திரும்பி வந்தது. ஜன்னல் வழியே பார்த்தாள்.

"அதுக்குள்ள எப்படிக்கா வந்துட்டாங்க?"

"பாதி வழிதான் போயிருக்காங்க."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். ஊட்டினேன்.