கம்பி காலியா?

கண்டிக் கடைத்தெருவில் நான் வேலை செய்யும் இரும்புக்கடைக்கு இன்று காலை ஒரு பழைய கப்பி விற்பனைக்கு வந்தது. கையில் எடுத்ததும் கிரீஸ் வாசம் முகத்தில் அடித்தது. உன் நினைவு வந்துவிட்டது. முதலாளி இரண்டு தடவை கூப்பிட்டாராம், எனக்குக் கேட்கவில்லை.

ஹுன்னஸ்கிரிய தோட்டத்தில் நான் மலை உச்சியில், நீ கீழே தேயிலை ஸ்டோரடியில். நடுவில் பள்ளத்தைத் தாண்டி ஓர் இரும்புக் கம்பி. கொழுந்துச் சாக்கைக் கப்பிக் கொக்கியில் மாட்டிவிட்டால் தானாக வழுக்கி இறங்கும். நாம் பேச ஒரு டெலிபோன் இருந்தது. அதில் என்ன பேசவேண்டும் என்று நீதான் சட்டம் வைத்தாய். "கம்பி காலியா?" என்று நான் கேட்கவேண்டும். "கம்பி காலி, ஆள் இல்ல, அனுப்பு" என்று நீ சொல்லவேண்டும். அதை நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் சாக்கை விடவேண்டும்.

"கோயில் செபம் மாதிரி ஒவ்வொரு சாக்குக்கும் ஓதணுமா மச்சான்?" என்று கேலி செய்வேன்.

"ஓதுடா. நான் முழுசா சொல்லாட்டி, கம்பிக்கடியில ஆள் நிக்கிதுன்னு நெனச்சுக்க" என்பாய். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

அந்த மழைநாளில் சாக்குகள் குவிந்துவிட்டன. கொழுந்து சூடேறிக் கெட்டுவிடும் என்று கங்காணி என் தலைமேல் நின்று கத்தினார். "கம்பி காலியா?" என்று கேட்டேன். பதில் இல்லை. தினமும் கேட்ட பதில்தானே என்று சாக்கை விட்டுவிட்டேன். முந்தின சாக்கு சிக்கிக்கொண்டதால், அதை எடுக்க நீ கம்பிக்கடியில் போயிருக்கிறாய். நான் ஓடி இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

விசாரணையில் டெலிபோன் பழுது என்றார் கங்காணி. நானும் தலையாட்டினேன். அம்பிட்டியவில் உங்கள் வீட்டில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "டெலிபோன் கெட்டுப்போச்சாமே, நெசமா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாங்கம்மா" என்றேன். டெலிபோன் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் உன்னைக் கொன்றேன். இதைச் சொல்ல எத்தனையோ ஞாயிறுகளில் அம்பிட்டிய மேட்டில் ஏறி, பாதியில் திரும்பியிருக்கிறேன். போன மாதம் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாரிடம் சொல்ல?

என்னை மன்னித்தாயா என்று தினமும் உன்னைக் கேட்கிறேன். பதில் இல்லை. மன்னித்திருப்பாய் என்று மனசு சொல்லிப் பார்க்கிறது. வேண்டாம் மச்சான். நீ வாய்திறந்து சொல்லாத பதிலை, சொன்னதாக இன்னொரு தடவை நானே வைத்துக்கொள்ள மாட்டேன்.