ஒச்சம்மாள் ஏற வேண்டிய வாசல்

அன்புள்ள ஒச்சம்மாளுக்கு, சிவபாண்டி சொல்லச் சொல்ல சமையல்கார மாரிச்சாமி எழுதுவது. நான் சுகம். உன் மூட்டுவலி தேவலையா?

ஜல்லிக்கட்டு வேண்டுமென்று அலங்காநல்லூரில் சனம் ராப்பகலாக உட்கார்ந்திருந்த வருஷம், வெளிநாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் இந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தோட்ட வேலைக்கு வந்தேன். இப்போது இங்கே சண்டை. பிள்ளைகள் தாய் தகப்பனோடு விமானம் ஏறிவிட்டார்கள். ஆபீஸ்காரர்களும் போய்விட்டார்கள், அவர்களிடம் கொடுத்துவைத்த என் பாஸ்போர்ட்டைக் காணோம். தினமும் பள்ளிக்கூட மணி அடிப்பதும் நான்தான்; நேற்றும் பழக்கத்தில் அடித்துவிட்டேன், புறாதான் பறந்தது. நீ பயப்படாதே. என் வெள்ளை வேட்டியைத் துவைத்து வை.

என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒருத்தர் அங்கே தாசில்தாரிடம் வந்து சாட்சி சொன்னால்தான் தூதரகத்தில் என்னை ஊருக்கு அனுப்புவார்களாம். யோசித்துப் பார்த்தேன். முத்திருளன் இல்லை, பெரியகருப்பன் இல்லை, வீரணன் இல்லை. காளைப் பங்குச் சண்டையில், இனி அவன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று கருப்பசாமி முன்னால் நான் சூடம் அணைத்தேனே, அவன் இருக்கிறான். அணைத்தது என் கை, உன் கை இல்லை. நீ போகலாம் ஒச்சம்மா, இன்றைக்கே போ. "அண்ணே, உங்க மாப்ளயத் தெரியும்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே"ன்னு கேளு. உயிரோடு மிச்சமிருப்பது உன் அண்ணன் சோலை ஒருத்தன்தான்.