இனியா பள்ளிக்குப் போவதில்லை

ஜனவரி 20, செவ்வாய்

பனி. எட்டு மணி வரை கோட்டை மலை தெரியவில்லை. சிங்கவரம் பஸ் தாமதம். நிற்கும்போதே கலிபோர்னியாவிலிருந்து தங்கை ரேவதி போன். மகள் இனியாவைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். ஏழு வயசு. இனி வீட்டிலேயே படிப்பாம். ஏன் என்று கேட்டால், பிள்ளைக்குப் பிடிக்கவில்லையாம்.

நான் டீச்சராக இருக்கும் சிங்கவரம் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் இல்லை. நெல் அறுப்பு. மதியம் மூன்று வீடு ஏறினேன். பிள்ளை சட்டை மாட்டும் வரை வாசலை விட்டு நகர மாட்டேன், தண்ணீர் கொடுத்தாலும் வாங்க மாட்டேன். ஊருக்கே தெரியும். இரண்டு பேர் வந்தார்கள். ஊர்ப் பிள்ளைகளை இழுத்து வருகிறேன், சொந்தத் தங்கை மகள் இடைநிற்றல். வெட்கக்கேடு.

ஜனவரி 21, புதன்

வாங்க: சாக்பீஸ், கொடிக் கயிறு, ஆரஞ்சு மிட்டாய், தைலம்.

ரேவதியிடம் சண்டை போடப் பாயின்ட் வேண்டும். போனில் அமெரிக்கப் பள்ளிக்கூட வரலாறு படித்தேன். முதலில் கிராமத்துக்கு ஒரே அறை, ஒரே டீச்சர். (நம்ம கதைதான். அடுப்பு விறகு மட்டும் பிள்ளைகள் கொண்டு வரணுமாம்.) பிறகு வரிப் பணத்தில் எல்லோருக்கும் பள்ளி. மில்லில் கிடந்த பிள்ளைகளுக்காகக் கட்டாயச் சட்டம். வீடு வீடாகப் போய்ப் பிடித்து வர ஒரு ஆள். அடடே, நம்ம ஆள். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி, மட்டமான பள்ளி. கோர்ட் தீர்ப்பு வந்த பிறகும் சில பிள்ளைகள் வகுப்புக்குப் போகப் போலீஸ் கூட நடந்திருக்கிறது. அப்புறம் பரீட்சை மேல் பரீட்சை, மார்க் குறைந்தால் பள்ளியை மூடு. வீட்டிலேயே படிக்கவும் சட்டம் விடுகிறதாம்.

இவ்வளவு பாடுபட்டு உள்ளே கொண்டுவந்த பிள்ளையை இவள் வெளியே எடுக்கிறாள்.

ஜனவரி 22, வியாழன்

மேற்படி வரலாறு முழுவதும் ரேவதிக்குச் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "முடிச்சிட்டியாக்கா?" அவ்வளவுதான். எனக்கு வந்ததே கோபம். இனியா பள்ளிக்குப் போகும் வரை கூப்பிடாதே, எடுக்க மாட்டேன் என்று வைத்துவிட்டேன். வாசலில் போய் நிற்க முடியாத தூரம், வேறென்ன வழி?

வீட்டுக்காரர்: "அவ இன்னா சிங்கவரத்துலயா இருக்கா?"

ஜனவரி 24, சனி

லீவு. இட்லிக்கு ஊற வைத்தேன். ரேவதி போன் அடித்துக்கொண்டே இருந்தாள், எடுக்கவில்லை. பிறகு குரல் பதிவு அனுப்பினாள்.

"அக்கா, ஸ்கூல்ல ஒத்திகை வெச்சாங்க. துப்பாக்கியோட ஆளு வந்தா எப்டி ஒளியறதுன்னு. லைட்ட அணைச்சிட்டு மூலைல உக்கார வெச்சிருக்காங்க. இவ ஷூ மின்னும் இல்ல, அசைஞ்சா? உன்னாலதான் நாம எல்லாரும் சாவப் போறோம்னு பக்கத்துப் புள்ள சொல்லிச்சாம். அதுலேர்ந்து ஷூவே போட மாட்டேங்கறா. பாத்ரூமுக்குக் கூட தனியா போவ மாட்டேங்கறா. நான் எப்டிக்கா அனுப்பறது?"

அந்த ஷூ நான் வாங்கிக் கொடுத்தது. போன வருஷம் வந்தபோது, திண்டிவனத்தில். மின்னுவதுதான் வேணும் என்றாள் இனியா.

நான் படித்த வரலாற்றிலேயே இதுவும் கீழே எங்காவது இருந்திருக்கும். அவ்வளவு தூரம் நான் போகவில்லை. உடனே கூப்பிட்டேன். எடுக்கவில்லை, தூங்கியிருப்பாள்.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம். முடிச்சு அவிழாமல் மானம் போச்சு. மிட்டாய் போதவில்லை. பிள்ளைகள் போனதும் ரேவதியைக் கூப்பிட்டேன். அங்கே ஞாயிறு ராத்திரி, சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

"இருக்கட்டும்டி. அனுப்பாத."

சர்வீஸில் இதுவரை யாரிடமும் சொல்லாத வார்த்தை. அவள் அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

இனியா போனை வாங்கிக்கொண்டு என் பள்ளியைக் காட்டச் சொன்னாள். கரும்பலகை, சத்துணவுத் தட்டுகள், ஜன்னலில் மலை. நீங்க எங்க ஒளிவீங்க என்று கேட்டாள். இங்கே ஒளியவே வேண்டாம், அப்படி யாரும் வர மாட்டாங்க என்றேன். நம்பவில்லை. போனை மெதுவாகச் சுற்றச் சொன்னாள். சுற்றினேன். பீரோ வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"அதுக்குப் பின்னால நீ ஒளிஞ்சுக்கோ, பெரிம்மா. ஆனா பசங்களுக்கு எடம் பத்தாது."