வாஷர் தேய்ந்த கதை

கடவுள் துணை

அன்புள்ள தம்பிக்கு அண்ணி எழுதுவது. இங்கு எல்லாரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் அண்ணன் படுத்த படுக்கையாக இருக்கிறார். புராஸ்டேட்டில் தொடங்கிய புற்று முதுகெலும்புக்கு ஏறிவிட்டது. டியூப் வழியாகப் பையில் சிறுநீர் இறங்குகிறது. முன்பெல்லாம் ஒரு பகலில் எத்தனை தடவை போகிறார் என்று நோட்டில் கோடு போட்டு வந்தேன். இப்போது எத்தனை மில்லி என்று எழுதுகிறேன். "உனக்கு பிரமோஷன்டி" என்று சிரிக்கிறார்.

அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். இருபது மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினான்கு கோடு. கெஞ்சிக் கூத்தாடி ஆஸ்பத்திரிக்குச் சம்மதிக்க வைத்திருந்தேன். சட்டைகூடப் போட்டுவிட்டார். அப்போதுதான் உங்கள் போன் வந்தது. "ஊர்க் குழாயெல்லாம் ரிப்பேர் பண்றவருக்கே வாஷர் தேஞ்சுபோச்சா? அறுபது தாண்டினா எல்லா ஆம்பளைக்கும் இதுதாண்ணே. அங்க போனா பின்னாடி விரலை விட்டுப் பார்ப்பான், சம்மதமா?" என்றீர்கள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

அதன்பின் நான் வாயைத் திறந்தாலே "வாஷர்டி" என்பதுதான் பதில். இடுப்பு வலித்தபோதும், தொட்டிக்கடியில் குனிந்து வேலை செய்த வலி என்றார். சிறுநீர் சிவப்பாக வந்த அன்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

டாக்டரிடமும் அதே ஜோக்கைச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. "வாஷர் போனா அன்னைக்கே மாத்துவீங்களா, ஒரு வருஷம் கழிச்சா?" என்று கேட்டார். சொட்டுகிற குழாயை விட்டுவைத்தால் சுவரே ஊறிவிடும் என்று நாற்பது வருஷமாக வீடுவீடாகச் சொன்ன மனிதர் தலை குனிந்துகொண்டார். நீங்கள் சொன்ன அந்தப் பரிசோதனைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திரைக்கு வெளியே நின்று கடிகாரம் பார்த்தேன்.

நீங்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். புற்றுக்குத்தான் தெரியவில்லை.

பஸ் ஏறுமுன் நீங்கள் இரண்டு முறை போய்வருவதாகவும், போனாலும் வெகுநேரம் நிற்பதாகவும் உங்கள் வீட்டுக்காரி போனில் அழுதாள். பலருக்கு இது வெறும் வீக்கம்தானாம், மாத்திரையிலேயே அடங்குமாம். எது என்று காட்டினால்தானே தெரியும்?

லீவு போட்டு வருவதாக எழுதியிருந்தீர்கள். அவர் வாசலையே பார்த்துக் கிடக்கிறார். டாக்டர் சொன்ன நாள் கொஞ்சம்தான். இருந்தாலும் முதலில் உங்கள் உடம்பைக் காட்டிவிட்டு, டாக்டர் எழுதித் தரும் சீட்டோடு வாருங்கள். சீட்டு இல்லாமல் வந்தால் கதவு திறக்காது. அவரே உள்ளிருந்து கூப்பிட்டாலும் திறக்கமாட்டேன்.

நீங்கள் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். இருந்து, ஒவ்வொரு நாளும் அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் சாமியிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

ஆசீர்வாதத்துடன்,
அண்ணி