ஐஸ் கட்டட மேட்டில் ஏறாத தண்ணீர்

அன்பு மகன் றொசாந்தனுக்கு, சித்தப்பா தோமஸ் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் சித்தியும் உன் தங்கச்சியும் சுகம், பனிக்குள் கிடக்கிற நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று சித்தி ஒவ்வொரு பூசையிலும் மன்றாடுகிறாள். முதலில் ஒன்று, இந்த வருசம் கடல் செய்கிற வேலை முழுவதையும் நான் மூன்று வருசத்துக்கு முன்னமே சொல்லிவிட்டேன். கடல் ஊருக்குள் வரும், கிணறு உப்பாகும், கந்தோர் அதிகாரிகள் கையைப் பிசைவார்கள் என்று சந்தியில் நின்று சொன்னேன், ஒருவரும் கேட்கவில்லை. போன அமாவாசைக்குக் காற்றே இல்லாமல் தண்ணீர் ஏறி மீன் வாடிகளுக்குள் வலைகள் மிதந்தன. இப்போது எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள்.

உன் தங்கச்சி நிறஞ்சலா கிராம அலுவலர் வேலை கிடைத்து எங்கள் ஊருக்கே விதானையாக வந்து இரண்டு வருசம். ஆனியில் விதானைமாரை மூன்று நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டு, காலம் மாறிவிட்டது, கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்காதீர்கள், சனத்தோடு இருந்து கேளுங்கள், புதிதாக யோசியுங்கள், பிழைத்தால் திருத்துங்கள் என்று படிப்பித்தார்களாம். இதைத்தான் அவளுடைய பத்து வயதிலேயே நான் சொல்லிக்கொடுத்தேன், அவர்கள் சோற்றுப் பார்சலும் கொடுத்துச் சொன்னார்கள், அவ்வளவுதான். பிள்ளை திரும்பி வந்து கோயில் மண்டபத்து நிலத்தில் ஊர்ப் படத்தை விரித்து, அறுபத்துநாலாம் ஆண்டுப் புயலில் தண்ணீர் எங்கே வந்தது, எங்கே வரவில்லை என்று புளியங்கொட்டை வைத்துக் காட்டச் சொன்னாள். யார் காட்டுவது? அந்தக் காலத்தவர்களில் பாதிப்பேர் சண்டைக்குள் இந்தியாவுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டார்கள், மிச்சப்பேர் செத்துச் சேமக்காலையில். இருக்கிற சனம் பிறகு வந்து குடியேறியது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "சித்தப்பா, பெருப்பிக்காமச் சொல்லுங்கோ, தண்ணி எங்க ஏறேல்லை?" என்று பிள்ளை கேட்டாள். நான் எழும்பிப் போய், மீனுக்கு ஐஸ் அடித்த பழைய கட்டடம் இப்போது நிற்கிற மேட்டில் கொட்டையை வைத்தேன். நானும் எங்கள் ஐயாவும் நாற்பது சனமும் இருபது ஆடும் விடியும்வரை அங்கே நின்றோம், ஒருவருக்கும் கால் நனையவில்லை என்றேன். ஆடு போனமுறை பன்னிரண்டாக இருந்தது என்று சித்தி பின்னாலிருந்து சொல்ல மண்டபமே சிரித்தது. பிள்ளை சிரிக்கவில்லை, எழுதினாள்.

முந்திய திட்டத்தில் புயலென்றால் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். அது உள்ளே தள்ளி இருக்கிறது, கிழடுகளையும் பிள்ளைத்தாச்சிகளையும் கொண்டுபோக ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அதனால் நிறஞ்சலா ஐஸ் கட்டடத்துக்குக் கூரை போடுவித்து, தண்ணீர்த் தாங்கி வைத்து, யாரை யார் தூக்குவது என்று பட்டியலும் எழுதிவிட்டாள். மேலதிகாரிகள் புகழ்ந்தார்கள், பக்கத்து ஊர் விதானைமார் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். அறிக்கையில் நேரில் கண்டவர் என்று என் பெயர் அச்சில் இருக்கிறது, ஊர் முழுக்கக் காட்டினேன். நேற்று ஒத்திகை. படுக்கையில் கிடக்கிற அன்ரோனெற் அக்காவைக் கதிரையோடு தூக்கி, எண்பத்துமூன்று பேரை இருபது நிமிடத்தில் உள்ளே சேர்த்தார்கள். "உங்களாலதான் சித்தப்பா" என்று பிள்ளை என் கையைப் பிடித்தாள். எல்லாரும் போன பிறகு நான் கட்டடத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மழை இல்லை, காற்று இல்லை, சுவரடியில் தண்ணீர் நின்றது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. நண்டுகள் கதவுக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தன. வருகிற கிழமை கடலில் தாழமுக்கம், புயலாக மாறலாம் என்று றேடியோ சொல்கிறது.

வேலையில் அதிகாரிகளோடு வாய் கொடுக்காதே, குளிருக்குக் காதை மூடு, ஞாயிறு பூசையை விடாதே. ஆண்டவரும் மாதாவும் உன்னைக் காக்கட்டும். தபாலில் போட்டால் இது புயலுக்குப் பிறகுதான் வரும், அதனால் அஸ்மியின் போன் கடையில் இதைப் படம் பிடித்து அனுப்புவிக்கிறேன். கண்டவுடன் தங்கச்சிக்குப் போன் எடு, சனத்தைப் பழையபடி பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோகச் சொல். மூன்று தரம் அவளுடைய கந்தோர் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன், எனக்குச் சொல்ல வாய் வருகுதில்லை. அந்தப் புயலுக்கு எனக்கு ஏழு வயது, கடலுக்கு எட்ட உயிலங்குளத்தில் பெரியம்மா வீட்டில் நின்றேன். அந்த மேட்டில் நான் நிற்கவில்லை மகன். தண்ணீர் ஏறியதா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

உன் சித்தப்பா
ம. தோமஸ்